ஹெப்சிபாவுக்கு விடுதலை

ஆஷ்வெல், கனெக்டிகட்
1986 ஏப்ரல் 13

அன்புத் தம்பி எல்டனுக்கு,

அக்கா வெர்னா எழுதுவது. உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? அலாஸ்காவில் இன்னும் பனி உருகவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே ஆற்றோரமெல்லாம் பச்சை கட்டிவிட்டது. என் முழங்காலுக்கு மட்டும் குளிர்காலம் முடியவில்லை. நான் படி ஏறும்போது அது ஒரு பக்கம் முனகுகிறது, நான் ஒரு பக்கம் முனகுகிறேன்.

உன் மகள் நோரா நன்றாக இருக்கிறாள். கீழ்த்தளம் முழுவதையும் அவளுக்கே விட்டுவிட்டேன். வேலைக்குப் போகும் தாய்மார்கள் காலையிலேயே பிள்ளைகளைக் கொண்டுவந்து அவளிடம் விட்டுவிடுகிறார்கள். ஒரே கூச்சல். நான் மேலே உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறேன். விவாகரத்து முடிந்து பெட்டியோடு வந்து நின்றாளே, அந்த முகத்தை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். இப்போது அந்த முகம் போய்விட்டது. "அத்தை, இந்த ஊர்லயே இருந்துடலாம்னு தோணுது. இந்தப் பிள்ளைங்க என்னை எங்கயும் போக விடாதுங்க போல" என்று போன வாரம் சொன்னாள். நீ சந்தோஷப்படுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

இன்னொரு சேதி. எங்கள் அருங்காட்சியகத்தில் இந்தக் கோடைக்கு நாடகம் போடப் போகிறோம். எழுதுவது, நடத்துவது எல்லாம் நான்தான். ஹெப்சிபா கோல்வின் ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் அவள் பேரைச் சொல்லித்தானே ஒருவரை ஒருவர் பயமுறுத்துவோம். குடியேற்றக் காலத்தில் இந்த ஊரில் சூனியக்காரி என்று தூக்கில் போட்டார்களே, அவள்தான். குளிர்காலம் முழுக்க அந்த வழக்கின் சாட்சியங்களைப் படித்தேன். பாவி மகள் செய்ததெல்லாம் இதுதான்: அக்கம்பக்கத்தார் வயலுக்குப் போனால் அவர்கள் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் அவள் காய்ச்சிக் கொடுத்த பாலைக் குடித்துவிட்டுத் தூங்கிய குழந்தை எழுந்திருக்கவில்லை. ஊரெல்லாம் காய்ச்சலில் கிடந்த வருஷம் அது. யாருக்கு அதெல்லாம் ஞாபகம் வருகிறது?

பழைய பிரார்த்தனைக் கூடத்திலேயே விசாரணையை நடத்தப் போகிறோம். பார்க்க வருகிறவர்கள்தான் ஜூரி. அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துக்காரர்கள் தேர்தலில் சோள மணியையும் பீன்ஸ் விதையையும் போட்டுத்தான் வாக்களிப்பார்கள். நாங்களும் அப்படியே செய்யப் போகிறோம். இரண்டு மரக்கிண்ணம்: ஒன்றில் சோளம் போட்டால் விடுதலை, மற்றதில் பீன்ஸ் போட்டால் தூக்கு.

ஹெப்சிபாவாக நடிக்கப் போவது நோரா. "அத்தை, மேடைன்னாலே எனக்குக் கால் நடுங்கும்" என்றாள். "நடுங்கட்டும். தூக்குமேடைக்குப் போறவளுக்குக் கால் நடுங்காம என்ன பண்ணும்?" என்றேன். ஒத்துக்கொண்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். கையுறை இல்லாமல் இஞ்சினில் கை வைக்காதே.

அன்புடன் அக்கா,
வெர்னா

---

கார்வர் தீவு, அலாஸ்கா
1986 மே 9

அக்கா,

கடிதம் வந்து சேர்ந்தது. முதுகு பரவாயில்லை. மீன் சீசன் தொடங்கிவிட்டது. படகு ஒன்று மாற்றி ஒன்று பழுதாகி வருகிறது. உட்காரவே நேரமில்லை, பிறகு முதுகுக்கு வலிக்க ஏது நேரம்?

நோரா அந்த ஊரிலேயே இருக்கிறேன் என்று சொன்னதைப் படித்துவிட்டுக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வேலை செய்தேன். அவள் அம்மா போன பிறகு அவளுக்கு வீடு என்று ஒன்றை நான் அமைத்துக் கொடுக்கவில்லை. நீ கொடுத்தாய். அதற்கு நன்றி சொன்னால் நீ கிண்டல் செய்வாய், அதனால் சொல்லவில்லை.

நாடகம் போடு. நீ பள்ளிக்கூடத்திலேயே எல்லோரையும் வரிசையில் நிறுத்தி வசனம் சொல்ல வைத்தவள். நான்தான் எப்போதும் மரமாக நிற்பேன். ஆனால் ஒன்று. பிள்ளை பார்த்துக்கொள்கிற பெண்ணை, பிள்ளை பார்த்துக்கொண்டதற்காகத் தூக்கில் போடப்பட்டவளாக நடிக்க வைப்பது எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. வேறு யாரும் கிடைக்கவில்லையா? உனக்குத்தான் தெரியும்.

முழங்காலுக்குச் சூடு வைத்துக்கொள்.

தம்பி,
எல்டன்

---

ஆஷ்வெல்
1986 ஜூன் 29

அன்புள்ள எல்டன்,

நலமா? முழங்கால் இப்போது மேடைக்கும் வாசலுக்கும் ஓடி ஓடித் தன் வலியையே மறந்துவிட்டது.

நாடகம் தொடங்கிவிட்டது. நோரா என்னமாய் நடிக்கிறாள் தெரியுமா! அழுவதில்லை, கத்துவதில்லை. "அந்தக் குழந்தையை என் மடியிலதான் தூங்க வச்சேன்" என்று ஒரே வரி, அவ்வளவு மெதுவாகச் சொல்கிறாள். கூடத்தில் இருமல்கூடக் கேட்காது.

அப்படியிருந்தும் எனக்குத் தாங்க முடியாத எரிச்சல். ஏன் தெரியுமா? எல்லோரும் அவளை விடுதலை செய்துவிடுகிறார்கள். ஒவ்வொரு காட்சியிலும். சோளக் கிண்ணம் நிரம்பி வழிகிறது, பீன்ஸ் கிண்ணத்தில் பிள்ளைகள் விளையாட்டுக்குப் போட்டது தவிர ஒன்றும் இல்லை. போன சனிக்கிழமை நியூ ஜெர்சியிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்திருந்தார். "நான் மட்டும் அப்ப இருந்திருந்தா எழுந்து நின்னு கத்தியிருப்பேன்மா. எப்படித்தான் சும்மா இருந்தாங்களோ அந்த ஜனங்க!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு சாக்லேட் மிட்டாய் எங்கே விற்கிறது என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் நடித்துக் காட்டுவது ஒரு கொலையை. பார்க்கிறவர்களோ தங்களுக்குத் தாங்களே மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அன்று அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பேய் பிசாசா? நம்மைப் போல் ரொட்டி சுட்டுச் சாப்பிட்டவர்கள்தானே? அதைப் புரிய வைக்காமல் நாடகம் எதற்கு?

ஒரு யோசனை வைத்திருக்கிறேன். உன்னிடம் சொல்லமாட்டேன். சொன்னால் திட்டுவாய்.

அக்கா,
வெர்னா

---

ஆஷ்வெல்
1986 ஜூலை 14

அன்புள்ள அப்பா,

நான் சௌக்கியம். உங்கள் முதுகு வலி பற்றி அத்தையிடம் பொய் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். என்னிடமாவது உண்மையை எழுதுங்கள். என்னிடம் வரும் பிள்ளைகளில் குட்டி ஓவன் நீச்சல் கற்றுக்கொண்டான். அதாவது என் சமையலறைத் தொட்டியில்.

அத்தையின் யோசனையைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். நாடகம் தொடங்கும் முன் நான் சாதாரண உடுப்பில் டிக்கெட் கொடுக்கிறேன் அல்லவா? எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். பிறகு எலுமிச்சைச் சாறு வாங்க வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையில் மருந்துக்கடை டுவைட் பீஸ் தாத்தாவும் அவர் மனைவி ஐனாவும் பார்வையாளர்கள் மாதிரி நிற்பார்கள். டுவைட் தாத்தா மெதுவாகச் சொல்வார்: "டிக்கெட் குடுக்குதே அந்தப் பொண்ணு, அது பிள்ளைங்கள பாத்துக்கிற வேலையும் செய்யுதாம். அது கிட்ட விட்ட பிள்ளைங்க ரொம்ப நல்லா தூங்குதுங்களாம்." ஐனா, "ரொம்பவே நல்லா" என்பாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் பேசக் கூடாது என்று அத்தை கண்டிப்பு. "மீதியை அவங்களே பாத்துப்பாங்க" என்றார்.

என்னிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தார். "வெளியூர்க்காரங்கதான் வராங்க, உன்னை யாருக்குத் தெரியப் போகுது? முடிஞ்சதும் நானே மேடையில ஏறி உண்மையைச் சொல்லிடுவேன்" என்றார். அத்தையின் கண்கள் அப்போது எப்படி மின்னின தெரியுமா? எனக்கு மறுக்க மனம் வரவில்லை.

அப்பா, அப்படிச் செய்த அன்றைக்கு முதல்முறையாகப் பீன்ஸ் கிண்ணம் நிறைந்தது. அதே வசனம், அதே நடிப்பு. ஆனால் நான் மேடைக்கு வந்தபோதே அவர்கள் வேறு மாதிரி பார்த்தார்கள். கைக்குழந்தையோடு முன்வரிசையில் இருந்த ஒருத்தி குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். கடைசியில் அத்தை ஏறி நின்று, "வரிசையில நீங்க கேட்டது பொய். நாங்க இட்டுக்கட்டினது. இப்ப உங்க கிண்ணத்தைப் பாருங்க" என்றார். ஒரு பாட்டி அழுதுகொண்டே வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். ஹார்ட்ஃபர்டிலிருந்து பத்திரிகைக்காரர்கள் வரப் போகிறார்களாம்.

அத்தை சொல்வது சரிதான் என்று தோன்றுகிறது. அவர்கள் அந்தப் பார்வை பார்க்கும்போது மட்டும் நான் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறேன். பழகிவிடும்.

உங்கள் மகள்,
நோரா

---

கார்வர் தீவு
1986 ஜூலை 30

அக்கா,

நான் நலம். நீ நலமா என்று கேட்கும் மனநிலையில் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

நோரா எழுதியிருந்தாள். அந்த வரிசை விளையாட்டை நிறுத்து. உனக்குப் பொய்தான் வேண்டும் என்றால், அவள் சில்லறை திருடினாள் என்று சொல்லச் சொல். குடிக்கிறாள் என்று சொல்லச் சொல். அவள் சோறு தின்பது எந்த வேலையில், நிம்மதியாக இருப்பது எந்த வேலையில், அதையே எடுத்துக் கடைத்தெருவில் வைக்கிறாயே! குழந்தைக் காப்பகங்களில் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று தொலைக்காட்சியில் என்னென்ன காட்டுகிறார்கள், பார்க்கிறாய் அல்லவா? இந்தத் தீவில்கூட ஜனங்கள் அதையேதான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் சம்மதித்தாள் என்று சொல்லாதே. நீ கேட்டால் அவள் கிணற்றில்கூடக் குதிப்பாள். அது உனக்கும் தெரியும்.

பதில் எழுது.

எல்டன்

---

ஆஷ்வெல்
1986 செப்டம்பர் 7

அன்புள்ள எல்டன்,

நலமா? உனக்குப் பதில் எழுத மிகவும் தாமதமாகிவிட்டது. முழங்காலில் நீர் கட்டி டாக்டர் ஊசி போட்டார். பிறகு பத்திரிகைக்காரர்கள், பிறகு பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள். கூட்டம் நெரிகிறது. பாஸ்டனிலிருந்துகூட வந்தார்கள். இத்துடன் பத்திரிகைத் துண்டை வைத்திருக்கிறேன். படத்தில் நோராவின் பின்னால் தெரியும் வெள்ளைத் தொப்பி என்னுடையது.

நீ எழுதியதைப் படித்தேன். கோபப்படாதே. வேறு பொய்யைச் சொன்னால் அது ஹெப்சிபாவின் கதையோடு ஒட்டாது. நாடகம் தெரிந்தவர்களுக்கு அது புரியும்.

ஆகஸ்டில் ஊர்த் திருநாளன்று நம் ஊர்க்காரர்களுக்கென்று தனியாக ஒரு காட்சி போட்டோம். வாக்களித்து முடிகிற நேரத்தில் தீயணைப்புச் சங்கு ஊதிவிட்டது. காலின்ஸ் வீட்டு வைக்கோல் கொட்டகை. நம் ஊரில் தீயணைக்க யார் போவார்கள் என்று உனக்குத் தெரியுமே! ஆண்களெல்லாம் ஓடினார்கள், அவர்கள் பின்னால் பெண்களும் பிள்ளைகளும். உண்மையைச் சொல்ல நான் மேடை ஏறிப் பார்த்தபோது கூடம் காலி. போகட்டும், நம்மவர்களுக்குத் தெரியாதா நாடகம் என்று?

நோரா நலம். கீழே இப்போது கொஞ்சம் அமைதியாக இருக்கிறது. கோடை விடுமுறை அல்லவா.

குளிருக்கு முன் ஒரு நல்ல கோட்டு வாங்கிக்கொள்.

அக்கா,
வெர்னா

---

கார்வர் தீவு
1986 அக்டோபர் 1

அக்கா,

பத்திரிகைத் துண்டு கிடைத்தது. உன் தொப்பி அழகாக இருக்கிறது.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்துவிட்ட பிறகு நீ எழுதிய கடிதம் அது. பிறகு ஏன் கீழே அமைதி? நோராவிடமிருந்து ஒரே ஒரு பக்கத்தில் கடிதம் வந்தது. மழை பெய்கிறதாம். மேப்பிள் இலை சிவந்துவிட்டதாம். குட்டி ஓவனைப் பற்றி ஒரு வரி இல்லை. அவன் பேர் இல்லாமல் இதுவரை அவள் கடிதம் எழுதியதே இல்லை.

இங்கே ஒரு போன் இருக்கிறது, மீன் ஆலை மானேஜர் மேஜையில். அதற்கு முன்னால் நின்று என் மகளை அழ வைக்க எனக்கு விருப்பமில்லை. நீயே எழுது. பிள்ளைகள் வருகிறார்களா இல்லையா?

எல்டன்

---

ஆஷ்வெல்
1986 அக்டோபர் 19

எல்டன்,

உடம்பைப் பற்றி இந்த முறை நான் எழுதப் போவதில்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை.

பிள்ளைகள் வருவதில்லை. எப்போதாவது ஒன்றிரண்டு பேர் வருவார்கள், அதுவும் வேறு வழி இல்லாத நாளில். ஊர்த் திருநாள் முடிந்த வாரத்திலேயே தொடங்கிவிட்டது. ஒருத்தி, "மாமியார் ஊர்லேருந்து வந்திருக்காங்க, அவங்களே பாத்துக்கிறேன்னுட்டாங்க" என்றாள். இன்னொருத்தி காரணமே சொல்லவில்லை. ஓவனின் அம்மா பில்லி அவனுடைய போர்வையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். மருந்து வாசனை தேடுவது போல அதை முகர்ந்து பார்த்தாள் என்று நோரா சொன்னாள்.

உன்னிடம் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். திருநாளன்று டுவைட் என்னிடம் வந்து, "வெர்னா, இன்னிக்கு எல்லாம் நம்ம ஊர் ஆளுங்களாச்சே. அந்த வசனம் வேண்டாமே?" என்றார். பத்திரிகைக்காரன் கேமராவோடு நின்றுகொண்டிருந்தான். கிண்ணத்தில் பீன்ஸ் இல்லாமல் அவனுக்கு நான் எதைக் காட்டுவேன்? "ஒண்ணும் ஆகாது டுவைட், சொல்லுங்க" என்றேன். வெளியூர்க்காரனுக்கு டுவைட் யாரோ ஒரு கிழவர். நம் ஊருக்கு அவர் நாற்பது வருஷம் மருந்து கொடுத்தவர். பிள்ளைகள் நன்றாகத் தூங்குகிறார்கள் என்று அவர் வாயால் சொன்னால் அது எப்படிக் கேட்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. இப்போது யோசித்து என்ன?

வீடு வீடாகப் போனேன். முழங்காலோடு ஒவ்வொரு படியாக ஏறி, "அது பொய், நான்தான் எழுதினேன், டுவைட் என் சொல்லைத்தான் சொன்னார்" என்றேன். டுவைட்டும் தனியாகப் போய்ச் சொன்னார். யாரும் கதவைச் சாத்தவில்லை. உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். பில்லி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியும் வெர்னா, நாடகம்தானே, எங்களுக்குத் தெரியாதா? நோரா தங்கமான பொண்ணு" என்றாள். "அப்ப பையனை அனுப்புறியா?" என்றேன். "இல்ல... ஆனாலும்..." என்றாள். எல்லா வீட்டிலும் அந்த 'ஆனாலும்'தான். பொய் என்றால் பொய் என்று நிரூபிக்கலாம். 'ஆனாலும்' என்பதை நான் எங்கே போய் நிரூபிப்பேன்?

வருகிற சனிக்கிழமை கடைசிக் காட்சி. ஊர் மொத்தத்தையும் அழைத்திருக்கிறேன். வரிசையில் யாரும் எதுவும் பேசப் போவதில்லை. தொடங்கும் முன்பே மேடையில் ஏறி எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். நோரா நடிக்கிறேன் என்கிறாள். "அவங்க என்னை நேராப் பாக்கட்டும் அத்தை" என்கிறாள். அவர்கள் கையாலேயே அவளை விடுவிக்க வைப்பேன். நீ என்னை நம்பு.

வெர்னா

---

ஆஷ்வெல்
1986 அக்டோபர் 29

அன்புள்ள அப்பா,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் அத்தைக்கு எழுதிய கடிதங்களைப் படித்தேன். அவற்றை அவரே மேஜைமேல் எனக்காக வைத்துவிட்டுப் போனார். இத்தனை நாள் உங்களுக்கு மழையையும் இலையையும் எழுதியதற்கு என்னைத் திட்டாதீர்கள். எழுதினால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது.

சனிக்கிழமை ஊரே வந்தது. கூடத்தில் இடமில்லாமல் ஜன்னலோரம் நின்றார்கள். அத்தை எல்லாவற்றையும் சொன்னார், ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அவர் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. பிறகு நான் நடித்தேன். வாக்களிக்கும் நேரம் வந்தபோது ஒருவர் விடாமல் எழுந்து வந்து சோளம் போட்டார்கள். பீன்ஸ் கிண்ணத்தில் ஒன்றுகூட இல்லை, பிள்ளைகள் போட்டதுகூட இல்லை. பில்லி என்னைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். "உன்னை என்ன பாடு படுத்திட்டோம்" என்றாள். அத்தை மூலையில் நின்று முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன் அப்பா. எல்லாம் முடிந்துவிட்டது, நான் இங்கேயே இருக்கப் போகிறேன் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சின்ன நாற்காலிகளையெல்லாம் கழுவி வெயிலில் வைத்தேன். ஆப்பிள் கேக் செய்து வைத்தேன்.

திங்கட்கிழமை ஒரு பிள்ளையும் வரவில்லை. ஒன்பது மணி வரை வாசலில் நின்றேன். பில்லியின் கார் தெருவில் போனது. ஓவன் பின் சீட்டிலிருந்து கை காட்டினான். அவள் ஹாரன் அடித்து, சிரித்து, கை ஆட்டிவிட்டுப் போனாள்.

ஹெப்சிபாவைத்தான் விடுதலை செய்திருக்கிறார்கள், அப்பா. என்னை இல்லை.

உங்களிடம் வருகிறேன். பேருந்தும் விமானமும் படகுமாக எப்படியும் வந்து சேர ஒரு வாரமாகும். அத்தையிடம் எதுவும் கேட்காதீர்கள். அந்த விளையாட்டுக்காக அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும்தான் சரி என்றேன்.

நோரா

---

கார்வர் தீவு
1986 நவம்பர் 24

அக்கா,

நோரா வந்து சேர்ந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். ஆலை அலுவலகத்தில் சரக்குச் சீட்டு ஒட்டும் வேலை கிடைத்திருக்கிறது. இங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று மானேஜரின் மனைவி கேட்டாள். "எனக்கு அந்த வேலை தெரியாதுங்க" என்று உன் மருமகள் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

உன்மேல் ஒரு குறை சொல்லவில்லை. நான் உன்னைத் திட்டினால், "அத்தை வேணும்னு செய்யலப்பா" என்கிறாள். பிறகு ஏன் உனக்கு ஒரு கடிதம்கூட எழுதவில்லை என்று கேட்டேன். வெளியே போய்ப் பனியைத் தள்ள ஆரம்பித்துவிட்டாள். தள்ள வேண்டிய அளவுக்குப் பனியே இல்லை.

திங்கட்கிழமை பிள்ளைகள் வரவில்லை. சரி. புதன்கிழமை கிளம்பிவிட்டாள். நீ பேருந்து நிலையத்துக்கு வரவில்லை. நடுவில் என்ன நடந்தது? அவள் சொல்ல மாட்டாள். நீ சொல்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இதை உண்மையாகவே கேட்கிறேன்.

தம்பி,
எல்டன்

---

ஆஷ்வெல்
1986 டிசம்பர் 14

அன்புத் தம்பிக்கு,

முழங்கால் பழையபடிதான். கேட்டதற்கு நன்றி. இந்தக் கடிதத்தைப் பல முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அருங்காட்சியகச் சங்கத்தார் அடுத்த கோடைக்கும் நாடகம் வேண்டும் என்கிறார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். யாராவது ஒரு கல்லூரிப் பெண்ணை வைத்துப் போட்டுக்கொள்வார்கள். பிள்ளைகள் இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒருத்தியிடம் போகிறார்கள். என்னைத் தெருவில் பார்த்தால் எல்லோரும் நின்று பேசுகிறார்கள். "நோராகிட்டேருந்து சேதி வந்துச்சா? பாவம், நல்ல பொண்ணு" என்கிறார்கள். அவர்கள் மனதாரத்தான் சொல்கிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமையைப் பற்றிக் கேட்டாய்.

எனக்கு அன்று கடும் சளி. திங்கட்கிழமை காலையில் வாசலில் அவளோடு குளிரில் நின்றதில் பிடித்தது. மத்தியானம் சோபாவில் படுத்துக்கிடந்தேன். நோரா தேன் விட்ட தேநீர் கொண்டுவந்தாள். "இதைக் குடிச்சிட்டு நல்லா தூங்குங்க அத்தை" என்றாள். இருமலுக்கு எல்லோரும் சொல்கிற வார்த்தைதானே? நான் ஆயிரம் முறை உனக்குச் சொல்லியிருக்கிறேன். கோப்பையை வாங்கினேன். உதட்டுக்குக் கொண்டுபோகும் முன் முகர்ந்து பார்த்தேன்.

மூக்கு அடைத்திருந்தது, எல்டன். எனக்கு எந்த வாசனையும் தெரியாது. ஆனாலும் முகர்ந்தேன். அந்தப் பொய்யை உட்கார்ந்து எழுதியவள் நான். ஒவ்வொரு சொல்லாக அடித்துத் திருத்தி, 'ரொம்பவே நல்லா' என்பதை ஐனாவுக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்று காட்டிக்கொடுத்தவள். அது பொய் என்று ஊரில் ஒவ்வொரு வாசலிலும் ஏறிச் சத்தியம் செய்தவள். என் கை தானாகவே கோப்பையை மேஜைமேல் வைத்துவிட்டது. "கொஞ்சம் ஆறட்டும்மா" என்றேன்.

அவள் கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். பார்த்துவிட்டாள். பில்லி போர்வையை முகர்ந்ததைப் பார்த்தவள் ஆயிற்றே, அவளுக்குத் தெரியாதா? கோபப்படுவாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தாள், கோப்பையை எடுத்தாள், என் முன்னால் நின்று கடைசிச் சொட்டு வரை குடித்தாள். சூடு, ஆவி பறந்தது, நாக்கு வெந்திருக்கும். பிறகு சமையலறையில் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் கீழே தன் அறைக்குப் போய்ப் பெட்டி அடுக்கத் தொடங்கினாள்.

என்னை மன்னிக்கச் சொல்லி அவளிடம் கேட்காதே. நான் எழுதினேன் என்றும் சொல்ல வேண்டாம். அவள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா என்று மட்டும் எழுது.

அக்கா,
வெர்னா